துணி மறைக்கும் இடம்

செப்டம்பர் 3, த்ரானி

துறைமுகத்தில் மதியச் சாப்பாடு. பரிமாறியவன் ஏதோ கேலி பேசினான், நான் சிரித்துவிட்டேன். அவ்வளவுதான். அறைக்கு வந்ததும் என் புருஷன் ஃபுல்வியோ கதவைச் சாத்தினான். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அது கழன்றாலே அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். தோளில் அடி விழுந்தது, பிறகு விலாவில். முகத்தில் மட்டும் படவே படாது. காலமெல்லாம் மருந்துக்கடை நடத்தியவன் அல்லவா, எங்கே கன்றினால் துணி மறைக்கும் என்பது அவனுக்கு அத்துப்படி. அப்புறம் தானே களிம்பு பூசிவிட்டான். "வலிக்குதா செல்லம்?" என்று வேறு கேட்டான்.

மாலையில் கைகோத்து உலா போனோம். இந்தப் புழுக்கத்தில் எனக்கு முழுக்கைச் சட்டை. எதிரே வந்தவர்களுக்கெல்லாம் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னான். நான் கொடுத்துவைத்தவளாம், ஒரு கிழவி சொன்னாள்.

வேலையை விட்டதும் இத்தாலியின் தென்கோடிவரை கடலோரமாக, ஊர் ஊராக, நிதானமாகச் சுற்ற வேண்டும் என்பது அவன் ஆசை. வீட்டில் இருந்தபோதாவது பகலில் கடைக்குப் போய்த் தொலைவான்; இப்போது நாள் முழுக்க என்னோடுதான்.

செப்டம்பர் 7, மொனோபோலி

வறுத்த நெத்திலி. அடி இல்லை. நல்ல நாள்.

செப்டம்பர் 10, ஒத்ராந்தோ

கோட்டை மதிலில் நின்று கீழே பாறைகளை எட்டிப் பார்த்தான். முதுகு என் பக்கம். ஒரு தள்ளு போதும். மண்டை உடையும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. கையை நீட்டியும்விட்டேன் — அவன் காலரைச் சரிசெய்துவிட்டு எடுத்துக்கொண்டேன். சீ, என்ன பிறவி நான்? அறைக்கு வந்து அழுதேன். தள்ளாததற்கா, தள்ள நினைத்ததற்கா?

செப்டம்பர் 14, கல்லிப்போலி

பழைய ஊருக்குள் அறை. வீட்டுக்காரி தெக்லா அக்கம்பக்கத்துப் பெண்களோடு சந்தில் நாற்காலி போட்டு அவரைக்காய் உரிக்கிறாள்.

கடலில் குளிக்க வேண்டும் என்றேன். ஊருக்கு உடம்பைக் காட்டணுமா என்றான். கடிகாரம் கழன்றது. இம்முறை இடுப்புவாரால், முதுகிலும் கைகளிலும். என் கத்தல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கினேன். நாற்காலி விழுந்துவிட்டது என்று நானாகவே சொன்னேன். தெக்லா நிமிரவில்லை.

"நாற்காலி அழுது நான் கேட்டதில்லம்மா," என்றாள். "உன் புருஷனுக்கு யாரக் கண்டா பயம்?"

யாரையும் இல்லை என்றேன். மாடி ஏறும்போதுதான் உறைத்தது. ஊரைக் கண்டால் அவனுக்குப் பயம். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற பயம்.

செப்டம்பர் 15

இன்று நடந்ததை எழுதியே தீருவேன்.

மாலை உலாவுக்குக் கையில்லாத நீலக் கவுன் போட்டு, மேலே சால்வை போர்த்திக்கொண்டேன். தெரு நிறைய ஆட்கள். தேவாலய வாசலில் சால்வையை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன். தோளில் பழைய மஞ்சள், கையில் நீலம், முதுகில் நேற்றைய வாரடித் தடிப்பு. அப்படியே நடந்தேன். நாங்கள் போகப்போகப் பேச்சு அடங்கியது. இன்றைக்கு அவன் வணக்கத்தை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

"போத்துடி," என்றான், முகத்தில் சிரிப்பு மாறாமல். "ரூமுக்கு வா, கொன்னுடறேன்."

"இங்கயே கொல்லு. எல்லாரும் பாக்கட்டும்."

அறைந்தான். முதல்முறையாக முகத்தில். உதடு கிழிந்து ரத்தம் கவுனில் சொட்டியது. மறுபடி கை ஓங்கினான். அதற்குள் சந்து முனையில் உட்கார்ந்திருந்த தெக்லா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் முழங்காலில் இறக்கினாள். விழுந்தவனை இரண்டு மீன்காரர்கள் குப்புறத் தள்ளி அமுக்கினார்கள். தான் மரியாதைப்பட்டவன் என்று தரையில் மூக்கை வைத்துக்கொண்டு கத்தினான். போலீஸ் வருவதற்குள் யாரோ விலாவில் உதைத்தார்கள். நான் தடுக்கவில்லை. இன்னொன்று விழட்டும் என்றுதான் இருந்தது. அந்த ஆசையை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 16

போலீஸ் நிலையத்தில் எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மன்னிக்கச் சொல்லி ஆள் அனுப்பினான். மாட்டேன்.

செப்டம்பர் 22, லெயூகா

கல்யாணத்துக்குப் பின் முதல்முறையாக நானே கார் ஓட்டினேன். சந்தில் திரும்பும்போது சுவரில் உரசி ஒரு பக்கம் முழுக்கக் கீறல் விழுந்துவிட்டது. பின்னால் வந்த வண்டிக்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டேன்.

"கொஞ்சம் பின்னாடி எடுங்கம்மா, நான் பாத்துச் சொல்றேன்," என்றார்.

கையை எடுக்க எனக்கு நேரம் பிடித்தது. அவர் காத்திருந்தார்.