ஸ்டெல்லா ஸ்லோ என்று சொன்னேன்

செவ்வாய், இரவு.

மணலி லாரி முதலாளிக்கு நானும் ராயபுரம் ஸ்டெல்லாவும் சேர்ந்து மொபைல் ஆப் எழுதுகிறோம். அவர் மாற்றச் சொல்லும்போதெல்லாம் சரி சார் என்பது நான். எழுதியதை அழித்துவிட்டு மறுபடி எழுதுவது அவள். அழித்தது யார் கண்ணிலும் படுவதில்லை.

இன்று வீடியோ காலில் முதலாளி எரிந்து விழுந்தார். "ஆப்ல மூணு பக்கம்தான் முடிஞ்சிருக்கு. யாரும்மா லேட் பண்றது?"

"ஸ்டெல்லாதான் சார், கொஞ்சம் ஸ்லோ" என்றேன். அவளும் அதே காலில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

சாயங்காலம் அவளே போன் செய்தாள். திட்டுவாள் என்று பயந்தேன்.

"கால் முடிஞ்சப்பறம் அவுரு இன்னா மாத்த சொல்லிகிறாரு? சொல்லுடி, ஆரம்பிச்சிடறேன்."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். டீசல் பில் பக்கத்தை மாற்றணுமாம் என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன்.