சுவரில் மாதா, எதிரில் தொட்டி

ஜூலை 3, வியாழன்

எங்கள் சந்துக்குச் சக்கரம் வைத்த குப்பைத்தொட்டி வந்துவிட்டது. மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காததற்கு நீலம், இரண்டும் என் இடுப்பு உயரம். இனி மாநகராட்சித் தள்ளுவண்டி வீடு வீடாக வராதாம். எல்லா வீட்டுக் குப்பையும் இதில் விழ வேண்டும். காலையில் மெயின் ரோட்டுக்கு உருட்டிக்கொண்டு போனால் பேட்டரி வண்டி வந்து அள்ளிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான் என்று நானே எல்லோரிடமும் சொன்னேன். அப்புறம்தான் சூப்பர்வைசர் பிச்சமுத்து, "உங்க காம்பவுண்டு சுவர்தான் நீளமா இருக்கு மேடம். மத்த நேரம் இங்கேயே நிக்கட்டும்" என்றார்.

அந்தச் சுவரை ஒட்டித்தான் எங்கள் படுக்கையறை ஜன்னல்.

ஜூலை 5, சனி

மீன் தலை. யார் வீட்டு மீன் தலை? மூடியை மூடினால் கை தேய்ந்துவிடுமா? ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் நாற்றம். வீட்டுக்காரர் ஸ்டீபன்ராஜ் நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் அந்த அறையில்தான் தூங்க வேண்டும். அவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில் ஆரோக்கிய மாதா படம் போட்ட டைல்ஸ் ஒன்று வாங்கிவிட்டேன். சுவரோரம் அசிங்கம் பண்ணாமல் இருக்க ஊரில் எல்லோரும் செய்வதுதானே? பிள்ளையார், சிலுவை, பிறை மூன்றையும் வரிசையாகப் பதித்த சுவர் எங்கள் புத்தூரில் எத்தனை இருக்கிறது! கொத்தனார் காத்தமுத்து மாலையே வந்து பதித்தார். "சுவர் இடிஞ்சாலும் இது வராதும்மா" என்று தட்டிக் காட்டினார்.

"திடீர்னு என்ன பக்தி?" என்று இவர் சிரித்தார். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

பலித்தது. பிச்சமுத்து டைல்ஸைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "சாமி முன்னாடி எப்படிங்க குப்பைய வைக்கிறது?" என்று இரண்டு தொட்டியையும் எதிர் வரிசைக்கு உருட்டிக்கொண்டு போனார்.

எதிரில் சாரா பீவி அக்கா வீடு. காலையில் வாசலில் ஆப்பம் சுட்டு விற்கிறார். கணவர் போன பிறகு அந்த அடுப்புதான் வீட்டை ஓட்டுகிறது. தொட்டி இப்போது அடுப்புக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

இதை நான் யோசிக்கவே இல்லை. நிஜமாகவா ஜென்சி? யோசிக்கவில்லை என்றுதான் எழுதத் தோன்றுகிறது.

ஜூலை 11, வெள்ளி

மெயின் ரோட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள்தான் அக்காவின் வாடிக்கை. இன்று ஒருவர் தூக்குவாளியோடு வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜன்னல் இப்போது அகலத் திறந்து கிடக்கிறது. இவர் குறட்டை விட்டுத் தூங்குகிறார்.

ஜூலை 13, ஞாயிறு

சுவரில் மாலை! கீழே மெழுகுவர்த்தி! பக்கத்துத் தெரு அம்மா ஒருத்தி, பேரனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று ஏற்றினாளாம். "நல்ல எடமாப் பாத்து வெச்சிருக்கீங்க டீச்சர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஸ்கூல் ஆபீஸ் கிளார்க், டீச்சர்கூட இல்லை. மாதாவே, இதெல்லாம் நான் கேட்டேனா?

ஜூலை 16, புதன்

மனசு கேட்காமல் போனேன். "அக்கா, பிச்சமுத்துகிட்ட சொல்லி தொட்டிய வேற எங்கேயாச்சும்..." என்று இழுத்தேன்.

"வேணாம்மா. மர்யம் அம்மா எங்களுக்கும் பெரியவங்கதான். அவங்க முன்னாடி குப்பைய வைக்கச் சொல்லி நான் கேக்க மாட்டேன்" என்றார். மாவைக் கலக்கிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல்.

திட்டியிருக்கலாம். ஏன் திட்டல? சண்டைக்கு வந்திருந்தா நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேனே!

ஜூலை 19, சனி

இன்று அக்கா அடுப்பே மூட்டவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

டைல்ஸை எடுக்க முடியுமா என்று காத்தமுத்துவிடம் கேட்டேன். "உளி வெச்சா மொகம் ஒடஞ்சிரும். மாதா மொகத்துல நான் உளி வைக்கவா? ஆள விடுங்கம்மா" என்று போய்விட்டார். நான் மட்டும் வைப்பேனா?

பங்குத் தந்தையிடம் கேட்கலாமா? என்னன்னு கேக்குறது — குப்பைக்குக் காவலா மாதாவ வெச்சேன் ஃபாதர், இப்ப வேணாம்னா? பூசையில் ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. அழுகையா வருது.

ஜூலை 21, திங்கள்

தொட்டிக்குச் சக்கரம் இருக்கிறது. சந்தில்தான் நிற்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை?

"என்னங்க, தொட்டிய நம்ம கேட்டுக்குள்ள வெச்சுக்குவோம். ஸ்கூட்டர் நிக்கிற எடத்துல."

இவர் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடியே நின்றார். "சந்தே நம்ம வீட்டுக்குள்ள வந்து கொட்டும்."

"கொட்டட்டும்."

"என் தூக்கம்?"

அவர் தலையணையைக் கொண்டுபோய் ஹாலில் வைத்தேன். ஏன் என்றும் அவர் கேட்கவில்லை; அவருக்குத் தெரியாதா என்ன. பொத்தானைப் போட்டுக்கொண்டு போய் ஸ்கூட்டரை வெளியே எடுத்து நிறுத்தினார்.

ஜூலை 22, செவ்வாய்

நானே உருட்டிக்கொண்டு வந்தேன். பள்ளத்தில் பச்சைத் தொட்டி சாய்ந்து புடவையெல்லாம் நாசம். பிச்சமுத்து, "வீட்டுக்குள்ள வைக்க ரூல் இல்லையே மேடம்" என்று தலையைச் சொறிந்தார். "வைக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கா?" என்றேன். போய்விட்டார்.

சாரா அக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

ஜூலை 28, திங்கள்

கேட்டுக்கு இப்போது தாழ்ப்பாளே இல்லை. விடிந்தால் யாராவது முருங்கைக்காய்ச் சக்கையோடு நிற்கிறார்கள். நைட்டியோடு வாசல் கூட்ட முடியவில்லை. கடைசி வீட்டு பிரவீன்ராஜ் கொட்ட வந்தால் கிரிக்கெட் பேசாமல் போவதில்லை. இவர் தலையணை மறுபடியும் ஹாலில். ஆப்ப அடுப்பு மறுபடியும் எரிகிறது, அது போதும்.

எல்லா வீடும் வந்தாயிற்று. சாரா அக்கா மட்டும் வரவில்லை. அவர் குப்பையை என்ன செய்கிறார்?

ஆகஸ்ட் 1, வெள்ளி

தெரிந்துவிட்டது. அந்த முழங்கால் வலியை வைத்துக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்து, தானே பேட்டரி வண்டியில் போட்டுவிட்டு வருகிறார். என் கேட்டைத் தாண்டித்தான் போகிறார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பூசைக்குக் கிளம்பியவள் நேராக எதிர் வாசலுக்குப் போனேன். ஆஸ்பத்திரி ஆட்கள் வாங்கிக்கொண்டு போகும்வரை ஓரமாக நின்றேன்.

"எத்தனை வேணும்?" என்றார் அக்கா, முன்பின் தெரியாதவரிடம் கேட்பது போல.

"அக்கா, அந்த டைல்ஸ நான் பக்தியில வைக்கல. தொட்டி என் சுவத்தோரம் நிக்கக் கூடாதுன்னு வெச்சேன்."

ஆப்பச்சட்டியைச் சுழற்றிக்கொண்டே, "தெரியும். காத்தமுத்து சிமெண்டு கொழைக்கும்போதே தெரியும்" என்றார்.

"தெரிஞ்சும் ஏங்க்கா கேக்கல?"

"கேட்டா நீ பொய் சொல்லியிருப்ப. மர்யம் அம்மா படத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு நீ பொய் சொல்றதப் பாக்க எனக்கு மனசு வரல, ஜென்சி."

வாசல் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். அக்கா இரண்டு ஆப்பத்தை இலையில் மடித்துக் கொடுத்தார். பிறகு உள்ளே போய், முட்டை ஓடும் தேங்காய் நாருமாக ஒரு பையைக் கட்டிக்கொண்டு வந்து என் இன்னொரு கையில் திணித்தார்.

"போறப்ப ஒன் தொட்டியில போட்டுரு. நாளையிலேருந்து நானே வந்து போட்டுக்கறேன்."