சுரண்டை ரோட்டு அடிக்கட்டைகள்

மேலகரம்
4.6.2025

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே சாரல் ஆரம்பித்துவிட்டது. துவைத்த துணி காயவில்லை, மற்றபடி குறையொன்றும் இல்லை. போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் சண்டை வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. அப்பா எனக்குத் தந்த சுரண்டை ரோட்டு நிலத்தை என்னிடம் ஒப்படைத்துவிடுங்கள். எரிகட்டைக் கம்பெனிக்காக நீங்கள் போட்ட சூபாபுல் மரங்களைத்தான் வெட்டிக் கொடுத்தாயிற்றே. இனி நானே பார்த்துக்கொள்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

முத்துச்செல்வி

கீழப்பாவூர்
13.6.2025

அன்புள்ள செல்விக்கு,

கடிதம் கிடைத்தது. வேறு ஏதோ எழுதியிருப்பாய் என்று ஆசையாகப் பிரித்தேன். போகட்டும்.

நீ பிளாட் போட்டு விற்கப் போவதாக ஊரில் பேச்சு. என்னிடம் வந்தபோது நிலம் எப்படி இருந்ததோ அப்படியே தருகிறேன். ஜேசிபி விட்டு அடிக்கட்டையெல்லாம் வேரோடு பிடுங்கி, உழவும் ஓட்டியாயிற்று. ஜேசிபி ஓட்டின காஜாதான் வண்டியை நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி, எல்லாம் துளிர் விட்டிருக்கு. நெசமாத்தான் சொல்லுதியளா?" என்றான். "அவ நெலத்துல நமக்கென்னலே, பிடுங்கு" என்றேன்.

மோட்டார் ரூம் சாவியை இதோடு வைத்திருக்கிறேன்.

காந்திமதிநாதன்

மேலகரம்
17.6.2025

அத்தானுக்கு,

அந்த அடிக்கட்டைக்காகத்தானே நிலத்தையே கேட்டேன்!

எரிகட்டைக் கம்பெனியிலிருந்து ஷமீம் பானு என்று ஒரு அம்மா வந்து இங்கே கூட்டம் போட்டார்கள். வெட்டின கட்டையே மறுபடி வளரும், நிலக்கரிக்குப் பதிலாக பாய்லரில் எரிக்க நம் பக்கத்து மானாவாரி மரமே போதும் என்றார்கள். நானும் பெயர் கொடுத்தேன். நிலம் கைக்கு வந்தால் அந்தச் சாக்கில் கீழப்பாவூருக்கே வந்துவிடலாம் என்று நினைத்தேன். வரட்டுமா என்று உங்களிடம் கேட்க வீம்பு விடவில்லை.

உங்கள் அம்மா இரவல் பாத்திரத்தைக்கூட வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள், நாலு முருங்கைக்காயாவது போட்டுத் தருவார்கள். அவர்கள் பிள்ளை நிலத்தை வழித்துத் துடைத்துத் தந்திருக்கிறார். அழுகையாக வருகிறது.

செல்வி

கீழப்பாவூர்
21.6.2025

அன்புச் செல்விக்கு,

படித்துவிட்டு அந்த வெறும் நிலத்தில் போய் நின்றேன். காஜா கேட்டபோதே நிறுத்தியிருக்கலாம். வீம்பு உனக்கு மட்டுமா?

இந்தக் கவர் வெறுமனே வரவில்லை. உள்ளே சூபாபுல் விதை இருக்கிறது. வெந்நீரில் போட்டு எடுத்து, ஆற வைத்து ஊன்ற வேண்டும். நம் நிலத்தில் பாத்தி கட்டிவிட்டேன். மோட்டார் ரூம் சாவி உன்னிடம் இருப்பதால் பாத்தியை நனைக்கக் குடத்தில்தான் தண்ணீர் சுமக்கிறேன்.

புதிதாகப் போட்டால் வெட்டுக்கு மூன்று வருஷமாவது ஆகும். ஷமீம் பானுவிடம் கேட்டேன். கம்பெனி காத்திருக்குமாம்.

நீ?

காந்திமதிநாதன்