பல்செட்டும் கார்புரேட்டரும் ஒரே தொட்டியில்

விஞ்ஞானி ஐயாவுக்கு,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. உங்கப்பாவுக்கு மட்டும் இன்னிக்கும் ஓட்ஸ்தான். பல்செட்டை மாட்டினா பெட்ரோல் வாடை அடிக்குதுன்னு கழட்டி வெச்சுட்டார்.

சத்த அலையால அழுக்கைக் கழட்டுற அந்த அல்ட்ராசோனிக் மெஷின்ல, பைக் கார்புரேட்டரை அலசின அதே தண்ணியில, பெத்த அப்பாவோட பல்லைப் போட உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு? பல் ஆஸ்பத்திரியில பத்து வருஷமா இதே மாதிரி மெஷினோட குப்பை கொட்டுறவ வீட்டுலயே இருக்கேன். ஒரு வார்த்தை கேட்டா "நீ அங்க கழுவுறவதானே"ன்னு நக்கல் வேற.

கழுவுறவ சொல்றேன், கேட்டுக்குங்க. தொட்டியைத் தேய்ச்சு வெச்சிருக்கேன். வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி, பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு விடுங்க. ரெண்டே சொட்டு! வினிகர், பிளீச் பக்கம் போகாதீங்க. ஸ்பிரிட் ஊத்தினா பல்லோட சேர்ந்து வீடும் எரியும். எடுத்ததும் பல்லை நல்ல தண்ணியில அலசுங்க.

உங்க தங்கச்சி நாலு மணிக்கு வர்றா. அதுக்குள்ள உங்கப்பா வாயில பல் இருக்கணும். இல்லேன்னா நடந்ததை நானே அவகிட்ட சொல்லுவேன்.

சாவி செருப்பு அலமாரியில.

முக்கியமானதை மறந்துட்டேன்: பல்லைப் போடறதுக்கு முன்னாடி மெஷினை அஞ்சு நிமிஷம் சும்மா ஓட விடுங்க. புதுத் தண்ணியில இருக்கிற காத்து வெளிய போனாத்தான் அழுக்கு கழலும்.

நேத்து நான் அஞ்சு நிமிஷம் கத்தினதும் அதுக்குத்தான். காத்தெல்லாம் போயாச்சு. சாயங்காலம் வந்து உங்க அழுக்கை எடுக்கிறேன்.