டின் கெட்டிலும் என் முழங்காலும்

மார்ச் 3

எங்கள் தங்கச் சுரங்க ஊர் கல்கூர்லி முழுக்க இன்று இதே பேச்சு. சின்னக் கம்பெனிகள் தங்கம் தேடித் துளை போட இனி வருடக்கணக்கில் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாமாம். மனு கொடுத்த சில வாரத்தில் தொடங்கலாம். அப்படி ஒரு சின்னக் கம்பெனியான டின் கெட்டிலின் பங்கை நானும் தங்கை லினெட்டும் சேர்ந்துதான் வாங்கினோம். அனுமதி வரவே வராது என்று வெறுத்துப்போய் ஜனவரியில் என்னுடையதை விற்றுத் தொலைத்தேன். அவள் விற்கவில்லை.

மார்ச் 9

டின் கெட்டில் பங்கு விலை இரண்டு மடங்கு.

மார்ச் 21

மூன்றரை மடங்கு. லினெட் தன் பார்லருக்குப் புது நாற்காலிகள் வாங்கிவிட்டாள். "உக்காந்து பாரு அக்கா, அப்படியே தூங்கிடுவே" என்றாள். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல். சின்ன வயதிலிருந்தே இவளுக்கு எல்லாம் மடியில் வந்து விழும். நான் பப் சமையலறையில் நின்று நின்று முழங்கால் தேய்ந்து, ஆபரேஷனுக்குச் சிறுகச் சிறுகச் சேர்க்கிறேன். என் வீட்டுக்காரர் கீத் சொல்கிறார்: "உன் தங்கச்சிதானே, சந்தோஷப்படேன்." எப்படிப் படுவது? வயிறு எரிகிறதே.

ஏப்ரல் 17

டின் கெட்டிலுக்குத் துளை போடும் ஆட்கள் பப்புக்கு வந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தே மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று கணிப்பது இந்த ஊர் வழக்கம். ஆறு பேரும் ஒரே சிரிப்பு. இருந்தவர்களுக்கெல்லாம் பியர். எனக்கும் ஒன்று வந்தது. கிடைத்துவிட்டது, சந்தேகமே இல்லை.

லினெட்டிடம் சொல்லவா? — ஏன் சொல்லணும்? அவளுக்கு இருக்கறது பத்தாதா?

ஏப்ரல் 20

ஆபரேஷன் பணம் மொத்தத்தையும் டின் கெட்டிலில் போட்டேன். கீத்துக்குத் தெரியாது. சந்தை திறந்ததுமே யாரோ அவசரமாகப் பெரிய பங்குக் கட்டு ஒன்றை விற்றார்கள், அள்ளிக்கொண்டேன். இனி லினெட்டைவிட என்னிடம்தான் அதிகம் இருக்கும்.

மே 6

பதினொரு துளை. எதிலும் தங்கம் இல்லை. பங்கை வாங்க ஆளில்லை.

பின்னே அவன்களுக்கு ஏன் அத்தனை சிரிப்பு? பப்பில் பியர் ஊற்றும் ரெக்ஸைக் கேட்டேன். "வேலை சீக்கிரம் முடிஞ்சுபோச்சு, முழுச் சம்பளத்தோட வீட்டுக்குப் போறாங்க. சிரிக்காம என்ன பண்ணுவாங்க?" என்றான்.

அன்னிக்கே கேட்டிருக்கக் கூடாதா, பாவி.

மே 10

லினெட் வந்தாள். பாவம், அவளுக்கும் போயிருக்கும் என்று நினைத்தேன். பொய் எதற்கு — போயிருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

"நான் போன மாசம் இருபதாம் தேதியே வித்துட்டேன்க்கா" என்றாள், டீ ஊற்றிக்கொண்டே. "முன்னாடி அனுமதிக்குக் காத்திருக்கற வரைக்கும் பங்குக்கு உசுரு இருக்கும். இப்பத்தான் உடனே தோண்டிப் பாத்துடறாங்களே, இல்லைன்னா அன்னிக்கே முடிஞ்சுது. பயந்துட்டேன். சந்தை திறந்த நிமிஷமே யாரோ ஒரு கிறுக்கன் மொத்தத்தையும் வாங்கிட்டான்."

கீத் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

"உன் ஆபரேஷன் எப்பக்கா? கடையை மூடிட்டு ரெண்டு வாரம் வந்து உன்கூட இருக்கேன். சமையல், துணி எல்லாம் நான் பாத்துக்கறேன்."

வலி குறைந்துவிட்டது, இப்போது வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். வாசல்வரை போய் அவளை வழியனுப்பினேன், நொண்டாமல்.