நைனா அடிக்கவில்லை

12 ஆகஸ்ட் 2009, கும்மிடிப்பூண்டி

உடம்பெல்லாம் வலி. அசதியாக இருக்கிறது, ஆனால் தூக்கம் வரவில்லை.

காலையில் கம்பெனியில் யூனிஃபார்ம் மாற்றும்போது என் தோளெல்லாம் கன்றிப்போயிருந்ததைக் கஸ்தூரி அக்கா பார்த்துவிட்டார். ரக்பி ஆடும்போது பட்டது என்றேன். பந்தோடு ஓடுகிறவளை இடுப்போடு கட்டிப் பிடித்துச் சாய்க்க வேண்டும், வெளிநாட்டில் பெண்களுக்கு உலகக் கோப்பையே நடக்கிறது, நம் நாட்டுக்கு இப்போதுதான் பெண்கள் அணி சேர்க்கிறார்கள் என்று எல்லாம் சொன்னேன்.

"புருசன் அடிச்சா நாங்க படியில வுழுந்தேன்னு சொல்லுவோம். அப்பன் அடிச்சதுக்கு நீ இன்னாமா கதை கட்றே!"

ஷிஃப்ட் முடிந்ததும் எங்கள் லைன் பெண்கள் நாலு பேரோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"வயசுப் பொண்ண இப்டியா போட்டு அடிப்பே?"

தெருவே எட்டிப் பார்த்தது. நான் மறுபடி ரக்பி என்று ஆரம்பித்தேன். நைனா கையமர்த்தினார்.

"தப்புதாம்மா. இனிமே அடிக்க மாட்டேன்."

என்மேல் ஒரு நாளும் கை ஓங்காத மனுஷன்.

அவர்கள் போனதும், "ஏன் நைனா அப்டி சொன்னே?" என்று கத்தினேன்.

"எத்தினி தபா சொல்லிக்கினு இருப்பே? அவங்க அத கண்ணால பாத்ததில்ல. துன்னுட்டு படு, காலைல பிராக்டீஸ் கீதில்ல?"

அணியில் என்னை எடுப்பார்களோ மாட்டார்களோ. யாராவது ஆடட்டும். ஒரே ஒரு தடவை டிவியில் காட்டட்டும், கஸ்தூரி அக்கா பார்க்கட்டும். அதுவரை இந்தத் தெருவுக்கு நைனா, பெண்ணை அடிக்கிறவர்தான்.