அறுபத்திரண்டு கிலோ

பாப்பாவுக்கு,

மயக்க மருந்தைத் தானே அளந்து கொடுக்கும் இயந்திரத்துக்கு நான் எழுதிய கணக்கு இன்று சோதனையில் தேறிவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அவர்கள் போனபின் உன் அம்மாவின் விவரங்களைக் கொடுத்துப் பார்த்தேன். இறந்தபின் எடுத்த எடை நாற்பத்தெட்டு கிலோ. அதைப் போட்டால் திரையில் அவள் விழித்துக்கொள்கிறாள். ஆறு முறை போட்டேன், ஆறு முறையும் விழித்தாள். அதே உடம்புக்கு அறுபத்திரண்டு கிலோவுக்கான மருந்தைக் கொடுத்தால் விழிக்கவில்லை.

ஆபரேஷனில் மயக்க மருந்து கொடுத்த டாக்டரை இனித் திட்டாதே. அவசரத்தில் அவர், "எடை எவ்வளவு சார்?" என்று என்னிடம்தான் கேட்டார். அறுபத்திரண்டு என்று சட்டென்று சொன்னேன். அது உன் கல்யாணத்தின்போது இருந்த எடை.

"அம்மா துரும்பா இளைச்சிட்டாங்கப்பா, பாருங்க" என்று நீ எத்தனை தடவை சொன்னாய்! இந்தக் கணக்கிலிருந்து நிமிராமலே, "ம்" என்றேன்.

அப்பா